ஊரில் இருக்கும் அப்பாவுக்கு இணைப்பு வாங்கினேன்: பணம் கட்டுமுன் கேட்க வேண்டியவை

செய்யாறு பக்கம் ஒரு சிறிய ஊரில் தனியாக இருக்கும் என் அப்பாவின் வீட்டுக்கு, கூப்பிட்டால் கிடைக்கிற ஒரு தொலைபேசியும் இணைய இணைப்பும் கொண்டுவர எனக்கு ஏறத்தாழ ஓராண்டு பிடித்தது. செலவு 42,000 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. அதில் கிட்டத்தட்டப் பாதி யாருக்கும் பயன்படாமல் போன பணம். சென்னையில் வேலை பார்த்துக்கொண்டு, ஊரில் இருக்கும் வயதானவர்களைத் தொலைபேசியை நம்பிப் பார்த்துக்கொள்கிறவர்கள் என் அலுவலகத்திலேயே பலர் உண்டு. ஆனால் இதில் இறங்கினால் யாரிடம் என்ன கேட்க வேண்டும், எந்த இடத்தில் ஏமாற்றுவார்கள் என்று எனக்குச் சொல்ல ஒருவரும் கிடைக்கவில்லை. அதனால்தான் நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

எங்கள் ஊருக்கு அருகில் உள்ள செல்போன் கோபுரம் சுமார் ஐந்து கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. நடுவில் ஏரிக்கரையும் சவுக்குத் தோப்புகளும். வீட்டுக்குள் சிக்னல் அறவே கிடையாது. தெருவில் நின்றால் அவ்வப்போது ஒரு கோடு வந்து போகும். ஒழுங்காகப் பேச வேண்டுமென்றால் ஏரிக்கரை ஏற வேண்டும். சிலிண்டர் கொண்டுவருபவர் ஓடிபி கேட்டால், அப்பா செல்போனைத் தூக்கிக்கொண்டு கரைக்கு நடப்பார். நூறு நாள் வேலையின் வருகைப் பதிவுப் படங்களை ஏற்றுவதற்குப் பணித்தளப் பொறுப்பாளரான பெண்ணும் அதே கரைக்குத்தான் வருவார். அம்மா போன பிறகு அப்பாவை அம்பத்தூரில் என்னோடு வந்து இருக்கச் சொல்லிப் பார்த்தேன். "மாட்டை யார் பார்ப்பது பாப்பா?" என்பதோடு அந்தப் பேச்சு முடிந்துவிடும்.

2024 நவம்பர் 30, சனிக்கிழமை இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் பேய்மழை. அன்று மாலை மாட்டுக்கொட்டகையில் வழுக்கி விழுந்து அப்பாவுக்கு மணிக்கட்டு முறிந்திருக்கிறது. எனக்குத் தெரியாது. இரவு முழுவதும் கூப்பிட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்ற பதிவுக் குரலைத் தவிர வேறு எதுவும் இல்லை. மறுநாள் மதியம் பெரியப்பா மகன் காஞ்சிபுரம் மருத்துவமனையிலிருந்து பேசியபோதுதான் விவரம் தெரிந்தது. முறிந்த கையோடு ஓர் இரவு முழுக்க அவர் படுத்திருந்ததை இன்று நினைத்தாலும் எனக்கு வயிறு கலங்குகிறது. பேச முடிந்திருந்தால் யாரையாவது எழுப்பி வண்டி பிடிக்கச் சொல்லியிருப்பேன். அந்த வாரமே, என்ன செலவானாலும் வீட்டுக்குள் தொலைபேசி வேண்டும் என்று முடிவெடுத்தேன்.

முதலில் செய்தது எல்லோரும் செய்வதுதான். ஒரு பெரிய நிறுவனத்தின் இணையதளத்தில் ஊரின் அஞ்சல் குறியீட்டு எண்ணைப் போட்டதும் "உங்கள் பகுதியில் சேவை உண்டு" என்று வந்தது. 1,500 ரூபாய் கட்டினேன். சென்னையிலிருக்கும் வாடிக்கையாளர் மையத்தில் நேரில் கேட்டபோதும் கணினித் திரையைப் பார்த்து உண்டு என்றே உறுதி சொன்னார்கள். சில வாரங்கள் கழித்து, தொழில்நுட்பச் சாத்தியம் இல்லை என்று ஒரு குறுஞ்செய்தி மட்டும் வந்தது. பணம் திரும்பி வருவதற்குள் பொங்கல் முடிந்துவிட்டது. கிராமப்புறத்தில் ஓர் அஞ்சல் எண்ணுக்குள் பல ஊர்கள் இருக்கும். அவற்றில் ஏதோ ஓர் ஊரில் கம்பி இருந்தாலே திரை உண்டு என்று சொல்லிவிடுகிறது. ஆகவே அந்தத் திரையை நம்பிப் பணம் கட்டாதீர்கள். உங்கள் தெருவிலோ பக்கத்துத் தெருவிலோ அந்த நிறுவனத்தின் இணைப்பு வைத்திருக்கும் ஒரு வீட்டைக் காட்டச் சொல்லுங்கள். காட்ட முடிந்தால் பேசலாம்.

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அடுத்த அடி விழுந்தது. அப்பா இரண்டு நாள் எதையோ சொல்ல வந்து சொல்லாமலே இருந்தார். கடைசியில் டிரங்குப் பெட்டியிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். மேலே அசோகச் சின்னம். கீழே தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் அனுமதி கொடுத்துவிட்டதாக ஒரு வாசகம். எங்கள் நிலத்தில் செல்போன் கோபுரம் அமைக்க 25 லட்சம் முன்பணம், மாதம் 30,000 வாடகை, குடும்பத்தில் ஒருவருக்கு வேலை என்று அச்சிட்டிருந்தது. பதிவுக் கட்டணம் என்று 5,900 ரூபாயும், காப்பீடு, வரி என்று 14,500 ரூபாயும் ஏற்கெனவே அப்பா அனுப்பிவிட்டார். மூன்றாவதாக 38,000 கேட்டபோதுதான் அவருக்குச் சந்தேகம் வந்திருக்கிறது. எனக்குத் தலை சுற்றியது. கோபத்தோடு, "இவ்வளவு வாடகை யார் கொடுப்பார்கள் என்று யோசிக்க வேண்டாமா?" என்று கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல், "வாடகைக்காக இல்லை பாப்பா. நம் நிலத்தில் நின்றால் ஊருக்கே சிக்னல் வருமே என்று நினைத்தேன்" என்றார். அதற்கு மேல் நான் ஒன்றும் பேசவில்லை.

இதை விரிவாகச் சொல்லக் காரணம், சிக்னல் இல்லாத ஊர்களைத்தான் இந்தக் கும்பல் குறிவைக்கிறது. டிராய் எந்தக் கோபுரத்துக்கும் தடையில்லாச் சான்று கொடுப்பதில்லை. நிலத்தைக் குத்தகைக்கு எடுப்பதில் தொலைத்தொடர்புத் துறைக்கோ டிராய்க்கோ நேரடியாகவும் பங்கில்லை, மறைமுகமாகவும் பங்கில்லை என்று அவர்களே பலமுறை அறிவித்திருக்கிறார்கள். உண்மையான கோபுர நிறுவனம் நிலத்துக்காரருக்குப் பணம் கொடுக்குமே தவிர, அவரிடமிருந்து வாங்காது. கோபுரம் அமைக்கப் பதிவுபெற்ற நிறுவனங்களின் பட்டியல் தொலைத்தொடர்புத் துறையின் இணையதளத்தில் இருக்கிறது. பணம் போய்விட்டால், சைபர் மோசடிப் புகார்களுக்கான 1930 என்ற எண்ணுக்கு எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் பேச வேண்டும். அடுத்த கணக்குக்கு மாறுவதற்குள் முடக்கினால்தான் பணம் மிஞ்சும். நாங்கள் பேசியபோது காலம் கடந்திருந்தது. புகார் பதிவானது, 20,400 ரூபாய் திரும்பவில்லை. உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் இதை இன்றே சொல்லிவையுங்கள். சொல்லும்போது திட்டாதீர்கள். திட்டுவாங்கிய பயத்தில்தான் அடுத்த முறை மறைக்கிறார்கள்.

அதற்கடுத்து ரிச்சி தெரு. மின்னணுப் பொருள் எதுவானாலும் அண்ணா சாலைக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தச் சந்துகளில் கிடைக்கும் என்பது சென்னைக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். ஒரு கடையில் 7,500 ரூபாய்க்கு, சிக்னலைக் கூட்டித் தரும் பூஸ்டர் காட்டினார்கள். வீட்டு மேல் ஒரு ஆன்டெனா, உள்ளே ஒரு பெட்டி, ஐந்து கோடு சிக்னல் நிச்சயம் என்றார்கள். வாங்குவதற்கு முன் எங்கள் தெருவில் இருக்கும் ஒரு மாமாவிடம் கேட்கலாம் என்று தோன்றியது. அவர் தொலைபேசித் துறையில் லைன்மேனாக இருந்து ஓய்வுபெற்றவர். கேட்டது நல்லதாகப் போயிற்று. உரிமம் இல்லாமல் பூஸ்டர் வைப்பது சட்டப்படி குற்றம். தரமற்ற பூஸ்டர் கோபுரத்துக்குப் போகும் அலையில் இரைச்சலைக் கலந்துவிடும், சுற்றியிருக்கும் மற்றவர்களின் பேச்சு துண்டிக்கும். அதிகாரிகள் சோதனைக்கு வந்தால் பறிமுதல் செய்வார்கள். கடையில் இதை யாரும் சொல்வதில்லை.

அந்த மாமாதான் எனக்குக் கிடைத்த முதல் வெளிச்சம். பழைய செம்புக் கம்பித் தொலைபேசிக்கு 48 வோல்ட் மின்சாரம் எக்ஸ்சேஞ்சிலிருந்தே வரும், அதனால் ஊரில் மின்சாரம் போனாலும் தொலைபேசி பேசும் என்பதை அவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். 1984இல் தொடங்கிய, மத்திய அரசின் தொலைத்தொடர்பு ஆய்வு மையமான சி-டாட், 128 இணைப்புகள் கொண்ட ஒரு சிறிய கிராமப்புற எக்ஸ்சேஞ்சை, குளிர்சாதன அறை இல்லாமல் நம் வெயிலிலும் தூசியிலும் ஓடும்படி வடிவமைத்ததைப் பற்றிப் பெருமையோடு சொன்னார். பிறகு கேட்டார்: "புதிதாக இணைப்பு வாங்குகிறாயே அம்மா, அது அறுந்தால் யார் வந்து சரிசெய்வார், எந்த ஊரிலிருந்து வருவார் என்று கேட்டாயா?" அதுவரை நான் பேசிய எல்லோரிடமும் வேகம் எவ்வளவு, கட்டணம் எவ்வளவு என்றுதான் கேட்டிருந்தேன். இன்று என்னைக் கேட்டால், மற்ற எல்லாவற்றையும் விட அவருடைய கேள்விதான் முக்கியம் என்பேன்.

கோடையில் பைபர் இணைப்பு வந்தது. எங்கள் பகுதியில் கேபிள் டிவி நடத்துபவர்தான் ஒரு நிறுவனத்தின் சார்பில் பைபரும் கொடுக்கிறார். கடைசி இணைப்புப் பெட்டியிலிருந்து எங்கள் வீடு தூரம் என்பதால் கூடுதல் கம்பிக்கு 6,500, பெட்டிக்கு 2,000 வாங்கினார். ரசீது 2,000 ரூபாய்க்குத்தான் கிடைத்தது. இருந்தாலும் வேலை நடந்தது. முதல் மாலை அப்பா வீட்டுக்குள் உட்கார்ந்தபடி என் மகளோடு வீடியோவில் பேசினார். மாட்டைக் காட்டினார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனால் அந்த மகிழ்ச்சி நிலைக்கவில்லை. மூன்றாவது வாரத்திலிருந்து மாலையானால் இணைப்பு அறுந்துவிடும், காலையில் வரும். கூப்பிட்டால் "ரவுட்டரை ஒருமுறை அணைத்துப் போடச் சொல்லுங்கள் அக்கா" என்பார் கேபிள்காரர். வேறு பதில் வராது.

இங்கே கொஞ்சம் தொழில்நுட்பம் தெரிந்திருப்பது அவசியம், கடினமில்லை. பைபர் வழியாக வருவது ஒளி. வீட்டுக்கு வந்து சேரும் ஒளியின் அளவை ஒரு சிறிய மீட்டரில் பார்க்கலாம், கழித்தல் எண்ணாக வரும். மைனஸ் 20ஐ ஒட்டி இருந்தால் நல்லது. மைனஸ் 27ஐத் தாண்டினால் பெட்டி பிடிக்காது. நானே ஊருக்குப் போய், கேபிள்காரரை நிறுத்திவைத்து அளக்கச் சொன்னபோது மைனஸ் 28 காட்டியது. வழியில் இருந்த இரண்டு இணைப்புகளை உருக்கி ஒட்டாமல், கிளிப்பில் சொருகி வைத்திருந்தார்கள். வெயிலில் கம்பி தளர்ந்து, ஒளி கசிந்துகொண்டிருந்தது. உருக்கி ஒட்டியதும் மைனஸ் 21. மாலைத் துண்டிப்பு அன்றோடு நின்றது. ஆகவே இணைப்பு கொடுக்கும் நாளிலேயே மீட்டரை வைக்கச் சொல்லுங்கள். காட்டும் எண்ணைப் படமெடுத்துத் தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள். பிறகு பழுதானால் "உங்கள் ரவுட்டர் சரியில்லை" என்று தட்டிக்கழிக்க முடியாது.

ஆடி மாதம் சாலை விரிவாக்கத்துக்கு வந்த ஜேசிபி, கம்பம் மாற்றும்போது கம்பியை இழுத்துப்போட்டது. ஊர் முழுக்க இருந்த சில இணைப்புகள் ஒரே நேரத்தில் போயின. இந்த முறை இணைப்பு வாரக்கணக்கில் வரவில்லை. நான் தினமும் கூப்பிட்டேன், சண்டை போட்டேன். ஒரு நாள் அவர் பொறுமையிழந்து தன் கணக்கைச் சொன்னார். மாதக் கட்டணத்தில் ஒரு பங்குதான் அவருக்கு. எங்கள் ஊரில் இணைப்புகள் பத்தைத் தொடவில்லை. உருக்கி ஒட்டும் இயந்திரம் அவரிடம் இல்லை, செய்யாறிலிருந்து வாடகைக்கு எடுக்க வேண்டும். இயந்திரமும் ஆளும் வந்துபோகும் செலவு, எங்கள் ஊரிலிருந்து அவருக்குக் கிடைக்கும் ஒரு மாத வருமானத்தைவிட அதிகம். சாலைப் பணி ஒப்பந்தக்காரர் இழப்பீடு கொடுக்கப்போவதும் இல்லை. அதைக் கேட்ட பிறகு அவர்மேல் இருந்த கோபம் எனக்கு வேறு பக்கம் திரும்பியது. கிராமத்துக்கு இணைப்பு கொடுப்பதாக அறிவிக்கிறவர்கள், அதைப் பராமரிக்கும் செலவை மிகக் குறைந்த வருமானம் உள்ள மனிதரின் தலையில் கட்டிவிட்டுப் போகிறார்கள். அது அநியாயம் என்றே நினைக்கிறேன்.

இது புதிய கதையும் இல்லை. நம் சென்னை ஐஐடியில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவும் அவருடைய குழுவும் கார்டெக்ட் என்ற கம்பியில்லாத் தொழில்நுட்பத்தை உருவாக்கினார்கள். கோபுரத்திலிருந்து சுமார் பத்து கிலோமீட்டர் வரை தொலைபேசியும் இணையமும் ஒரே நேரத்தில் கொடுக்க முடிந்தது. கிராமத்துக்குச் செம்புக் கம்பி இழுக்கும் செலவே தேவையில்லை. 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் மதுரை மாவட்டம் மேலூர் பக்கத்துக் கிராமங்களில் இதை வைத்து இணைய மையங்கள் திறந்தார்கள். ஊர்க்காரர்களே நடத்தினார்கள். சான்றிதழுக்கு விண்ணப்பிக்கவும் மருத்துவரிடம் ஆலோசனை கேட்கவும் மக்கள் வந்தார்கள். ஆனால் சில ஆண்டுகளில் அவற்றில் பெரும்பாலானவை மூடிவிட்டன. வருமானம் போதவில்லை, பழுதானால் பார்க்கப் போதிய ஆதரவு இல்லை என்று ஆய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். கருவி நன்றாகத்தான் இருந்தது. இருபது ஆண்டுகள் கழித்து எங்கள் கேபிள்காரர் சொல்வதும் அதே இரண்டு காரணங்களைத்தான்.

பைபர் அறுந்து கிடந்த அந்த வாரங்களில்தான் இரண்டாவது வழியைத் தேடினேன். லைன்மேன் மாமா சொன்னபடி, மூன்று நிறுவனங்களின் சிம்களை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனேன். செல்போனில் எத்தனை கோடு என்று பார்ப்பதில் பயனில்லை. ஆண்டிராய்டு போனில் செட்டிங்ஸ், அபவுட் போன், சிம் ஸ்டேட்டஸ் என்று போனால் சிக்னல் வலிமை எண்ணாகத் தெரியும். மைனஸ் 85 என்றால் அருமை, மைனஸ் 100 என்றால் சமாளிக்கலாம், மைனஸ் 115க்கு மேல் போனால் ஒன்றும் நடக்காது. வீட்டுக்குள் மூன்றுமே மைனஸ் 118ஐ ஒட்டி நின்றன. மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டியின் ஏணியில் பாதி ஏறியதும் ஒரு நிறுவனத்தின் எண் மட்டும் மைனஸ் 101க்கு வந்தது. அதன் கோபுரம் வேறு திசையில், தோப்பு மறைக்காத பக்கத்தில் இருந்திருக்கிறது. ஊரில் எல்லோரும் வைத்திருக்கும் சிம் அது இல்லை. ஊருக்கே சிக்னல் இல்லை என்று முடிவுகட்டுமுன், எல்லா நிறுவனங்களையும் உயரத்தில் ஏறி அளந்து பாருங்கள்.

வீட்டுச் சுவரை ஒட்டி இருபதடி இரும்புக் குழாய் நட்டு, அதன் உச்சியில் வெளியில் மாட்டும் 4ஜி ரவுட்டரைப் பொருத்தினோம். ரவுட்டர் 9,200, குழாயும் கொத்தனார் கூலியும் 3,800. ஆன்டெனாவை மட்டும் மேலே வைத்து ரவுட்டரை வீட்டுக்குள் வைக்கலாமே என்று கடையில் சொல்வார்கள், அது மலிவு. ஆனால் ஆன்டெனாக் கம்பி நீள நீள சிக்னல் அதிலேயே கரையும். ரவுட்டரே மேலே இருந்தால் சாதாரண நெட்வொர்க் கம்பி வழியே மின்சாரம் மேலே போகும், இணையம் கீழே வரும், இழப்பு இல்லை. ஒரே நிறுவனத்தின் சிம்முக்குப் பூட்டப்பட்ட ரவுட்டரை வாங்காதீர்கள். குழாயைக் கட்டாயம் நிலத்தில் எர்த் செய்யுங்கள். இடி இடித்தால் கம்பியைச் சுவரிலிருந்து உருவிவிட வேண்டும் என்று வீட்டில் இருப்பவருக்குப் பழக்குங்கள். அப்பா மேகம் கறுத்தாலே உருவிவிடுகிறார். அது நல்ல பழக்கம்தான் என்று விட்டுவிட்டேன்.

இணையம் வந்துவிட்டால் பேச்சும் வந்துவிடும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. செல்போனில் வைஃபை காலிங் என்று ஓர் அமைப்பு உண்டு. அதை இயக்கிவிட்டால், கோபுர சிக்னல் இல்லாமலே வீட்டு வைஃபை வழியாக அதே எண்ணில் பேசலாம், யாரும் தனிச் செயலி போட வேண்டியதில்லை. எங்கள் வீட்டில் வங்கியின் ஓடிபியும் இப்போது அப்படித்தான் வருகிறது. ஆனால் பொத்தான் வைத்த சாதாரண செல்போனில் பெரும்பாலும் இந்த வசதி இருக்காது. வயதானவர்களுக்கு ஸ்மார்ட்போன் பிடிக்கவில்லை என்றால், பைபர் பெட்டியிலேயே ஒரு லேண்ட்லைன் போனைச் சொருகிக்கொள்ளலாம். பழைய லேண்ட்லைன் போல் இது மின்சாரம் இல்லாமல் பேசாது. ரவுட்டருக்கென்று விற்கும் சிறிய 12 வோல்ட் யுபிஎஸ் ஒன்றை வாங்கி வையுங்கள். புயல் இரவில் அதுதான் வேண்டும்.

கடைசியாக, அரசுத் திட்டத்தைப் பற்றி. கிராம ஊராட்சிகளுக்கு பைபர் கொண்டுபோகும் மத்திய அரசின் பாரத்நெட் திட்டம் 2011இல் தேசிய ஒளியிழை வலைப்பின்னல் என்ற பெயரில் தொடங்கியது. தமிழ்நாட்டில் 12,525 கிராம ஊராட்சிகளையும் இணைக்கும் பணியைத் தமிழ்நாடு ஃபைபர்நெட் கழகம் செய்கிறது, பெரும்பகுதி மின்கம்பங்கள் வழியாக. இதற்கெல்லாம் பணம் எங்கிருந்து என்றால், தொலைத்தொடர்பு நிறுவனங்கள் தங்கள் வருவாயில் 5 சதவீதத்தைக் கிராமப்புறச் சேவைக்கான நிதிக்குக் கட்டுகின்றன. முன்பு பொதுச் சேவைக் கடப்பாட்டு நிதி, இப்போது டிஜிட்டல் பாரத் நிதி. அம்பத்தூரில் நான் செய்யும் ரீசார்ஜிலும் அந்தப் பங்கு இருக்கிறது. ஆகவே கேட்க நமக்கு உரிமை உண்டு. ஆனால் ஊராட்சிக்கு பைபர் வந்துவிட்டது என்றால் ஊராட்சி அலுவலகம் இருக்கும் தலைமைக் கிராமத்துக்கு வந்துவிட்டது என்றுதான் பொருள். எங்கள் ஊர் அதே ஊராட்சியைச் சேர்ந்த குக்கிராமம், மூன்று கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. இந்த விவரம் தெரியாமல் எத்தனையோ நாள் வீணாக விசாரித்தேன். 2023 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த திருத்திய பாரத்நெட் திட்டத்தில், தலைமைக் கிராமம் அல்லாத ஊர்களுக்கும் கேட்டால் இணைப்பு தர வழி வைத்திருக்கிறார்கள். கேட்டால் என்பதுதான் நாம் கவனிக்க வேண்டியது.

அதனால் ஆகஸ்ட் 15 கிராமசபைக்கு விடுப்பு எடுத்துப் போனேன். ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர் பொறுப்பில் இருந்த நேரம். வெளியூரில் இருப்பவள் பேசுகிறாளே என்று சிலர் முணுமுணுத்தார்கள். பணித்தளப் பொறுப்பாளரான அந்தப் பெண் எழுந்து, ஏரிக்கரைக்கு அலைவதைப் பற்றிப் பேசியதும் கூட்டம் மாறிவிட்டது. குக்கிராமத்துக்கு பைபர் நீட்டிப்பு, சாலைப் பணியில் அறுந்த கம்பியை ஒப்பந்தக்காரர் செலவில் சரிசெய்வது என்று இரண்டு தீர்மானங்கள் பதிவேட்டில் ஏறின. தீர்மான நகலை ஊராட்சிச் செயலரிடம் கையோடு கேட்டு வாங்குங்கள். அதை இணைத்து மாவட்ட ஆட்சியரகத்தில் திங்கட்கிழமை நடக்கும் மக்கள் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்தேன். இணைப்பு கொடுத்த நிறுவனத்துக்கும் தனியாகப் புகார். புகார் எண் இல்லாமல் வாய்ப்பேச்சாகச் சொன்னது எதுவும் கணக்கில் வராது. புகாரை முடித்துவிட்டதாக அவர்களே மூடினால், அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்குப் போகலாம், கட்டணம் இல்லை. மேல்முறையீட்டுக்குப் பிறகுதான் எங்கள் கம்பி சரியானது. அறுந்திருந்த காலத்துக்கான கட்டணத்தையும் கழித்தார்கள்.

இப்போது வீட்டில் பைபரும் 4ஜியும் இரண்டும் இருக்கின்றன. 4ஜிக்குச் சிறிய திட்டம் மட்டும் போட்டு வைத்திருக்கிறேன், பைபர் போனால் அது கைகொடுக்கும். பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பையன் அப்பாவிடமிருந்து கடவுச்சொல் வாங்கிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்து படிக்கிறான். ஊரில் இன்னும் சில வீடுகளைச் சேர்த்துவிட்டால், உருக்கி ஒட்டும் இயந்திரத்தைத் தானே வாங்கிவிடுவதாகக் கேபிள்காரர் சொல்கிறார். அதற்காக வீடுவீடாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளிக்கும் தனி இணைப்பு கேட்டு அடுத்த கிராமசபையில் தீர்மானம் கொண்டுவர மனு எழுதி வைத்திருக்கிறேன். குக்கிராம நீட்டிப்பு மனுவுக்கு "பரிசீலனையில் உள்ளது" என்ற பதில் மட்டும் வந்திருக்கிறது. உங்கள் ஊரும் இப்படி ஓர் ஊராட்சியின் குக்கிராமம் என்றால், ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களை ஒட்டி நடக்கும் கிராமசபைகளில் எது உங்களுக்கு அருகில் வருகிறதோ அதற்கு இப்போதே விடுப்புக்கு எழுதிக் கொடுத்துவிடுங்கள்.